வீட்டுப்பாடத்துக்கு நான் தூக்கிய கை

நான் நின்றுகொண்டே தூங்குவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. மும்பையில் சயானில் ஏறி, தாணேயில் வண்டி மாறி, ஐரோலியில் இறங்கிப் பத்து வருடம் வேலைக்குப் போன எந்தப் பெண்ணைக் கேட்டாலும் இதையேதான் சொல்வாள். லேடீஸ் பெட்டியில் மேலே தொங்கும் பிடியை ஒரு கை பற்றியதும் கண் தானாக மூடிக்கொள்ளும். முழங்கால் மடங்காது, தோள்பை நழுவாது. வாய் மட்டும் லேசாகத் திறந்திருக்கும் (பக்கத்தில் நின்றவர்கள் சொல்லித்தான் எனக்கே தெரியும்). இந்தத் திறமை ரயிலோடு நின்றிருந்தால் நான் இதை எழுதவேண்டி வந்திருக்காது.

அப்போது என் மகள் ரிஸ்வானா தாராவியில் மாநகராட்சிப் பள்ளியில் ஆறாம் வகுப்பு படித்தாள். தமிழ் மீடியம். என் வீட்டுக்காரர் காஜா கீழே தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்தார். மேலே ஒற்றை அறையில் நாங்கள். எனக்கு ஐரோலியில் ஒரு கம்பெனிக் கட்டடத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலை. விடியுமுன் தண்ணீர் பிடித்துவிட்டு ஓடினால் சாயங்காலம் ஐந்தரைக்குத் திரும்புவேன். செருப்பைக் கழற்றுவதற்குள் ரிஸ்வானா நோட்டை நீட்டுவாள்.

"உம்மா, மராட்டியில பத்து வரி எழுதணும். எனக்குப் பிடிச்ச பறவை."

எனக்குத் தெரிந்த மராட்டி, பஸ்ஸில் கண்டக்டர் சொல்லும் 'புடே சலா' மட்டுந்தான். அதை வைத்துக்கொண்டு மயிலைப் பற்றிப் பத்து வரி எப்படி எழுதுவது? முன்னே போ, முன்னே போ என்று மயிலை விரட்டத்தான் முடியும்.

மராட்டியோடு விட்டார்களா? இந்திய வரைபடத்தில் ஆறுகள். அட்டையில் காற்றாலை மாடல். செய்தித்தாளிலிருந்து ஐந்து படங்கள் (செய்தித்தாள் வாங்காத வீட்டில்). படிப்பது அவள், களைப்பது நான்.

பள்ளியின் பெற்றோர் வாட்ஸப் குழுவில் ஒரு நாள் இதைக் குரல் செய்தியாகக் கொட்டிவிட்டேன். அதுதான் ஆரம்பம். இட்லி வியாபாரம் செய்யும் சுடலைமுத்து அண்ணாச்சி உடனே பதில் போட்டார். அவர் மகனும் ரிஸ்வானா வகுப்புதான்.

"தங்கச்சி, செம்பூர்ல என் மச்சினன் மவன் பிரைவேட்ல படிக்கான். அவனும் ஆறாப்புதான். தெனமும் பத்துப் பக்கம் எழுதுதான். நம்ம புள்ளையள் மட்டும் சாயங்காலம் முச்சூடும் போனை நோண்டிக்கிட்டுத் திரியணுமா? கஷ்டப்பட்டுப் படிக்கட்டும். இன்னும் ஜாஸ்தி குடுக்கச் சொல்லுவோம்."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு நியாயம் கேட்கும் மனநிலை இல்லை. "அண்ணாச்சி, மச்சினன் மவன் எழுதுறதுக்கு மேசை இருக்கு. எங்க சந்துல புள்ளைங்க வாளியக் கவுத்துப் போட்டு எழுதுதுங்க. நீங்க வந்து வாளியப் புடிச்சுக்குறியளா?" என்று கேட்டேன். பதினேழு பேர் கைதட்டும் பொம்மை போட்டார்கள். அந்தப் பதினேழு பொம்மைகளில் எனக்குத் தலை கனத்துப்போனது.

ஒரே வாரத்தில் குழு இரண்டாகப் பிளந்தது. வீட்டுப்பாடம் வேண்டும் என்பவர்களுக்கு அண்ணாச்சி. குறைக்கவேண்டும் என்பவர்களுக்கு நான். சண்டை பெரிதாகி, சனிக்கிழமை மத்தியானம் கூட்டம் போட்டு ஓட்டெடுப்பு நடத்துவதாகப் பெரிய சார் அறிவித்தார். அவர்தான் அந்தக் கட்டடத்தில் தமிழ், ஹிந்தி இரண்டு மீடியத்துக்கும் தலைமை ஆசிரியர். எல்லாவற்றையும் ஹிந்தியிலேயே பேசுவார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் சந்துப் பெண்களைக் கூட்டி நான் ஆலோசனை நடத்தினேன் (ஆலோசனையாம்!). பக்கத்து வீட்டுச் செல்விக்கு ஒரு சந்தேகம்.

"எக்கா, அவரு இந்தியில வேகமாப் பேசுவாரே. எதுக்குக் கை தூக்கணும், எதுக்குத் தூக்கக்கூடாதுன்னு எப்படித் தெரியும்?"

"அதெல்லாம் நீங்க மண்டைய ஒடைக்காதிய. என் கையப் பாருங்க. நான் தூக்குனா தூக்குங்க. நான் தூக்கலன்னா கம்முனு இருங்க."

இந்த வாசகத்தை நான் சொன்னபோது என் குரலில் இருந்த கம்பீரத்தை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது.

அந்த வாரம் கூட வேலை பார்க்கும் இரண்டு பேர் லீவு. நான்கு நாளாக அவர்கள் மாடிகளையும் நானே துடைத்தேன். சனிக்கிழமை பாதி நாள் பெர்மிஷன் கேட்டு, சாப்பிடாமல் வண்டி பிடித்து, மூச்சு வாங்கப் பள்ளிக்கு வந்தபோது கூட்டம் தொடங்கியிருந்தது. ஆறாம் வகுப்புப் பெஞ்சுகளில் பெரியவர்கள் முழங்காலை மோவாயில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசி வரிசையில் எனக்காகச் செல்வி ஓர் இடம் பிடித்து வைத்திருந்தாள். அதை ஒரு கர்ப்பிணிக்குக் கொடுத்துவிட்டு (தலைவியல்லவா) பின்சுவர் ஓரமாக ஜன்னல் பக்கம் போய் நின்றேன்.

உயரமான ஜன்னல். தலைக்கு மேலே ஒரு குறுக்குக் கம்பி. கை என்னைக் கேட்காமலே போய் அதைப் பிடித்தது.

பெரிய சார் பேச ஆரம்பித்தார். குழந்தைகளின் எதிர்காலம், தேசத்தின் எதிர்காலம், ஸ்டாண்டர்ட். மேலே மின்விசிறி தண்டவாளம் மாதிரி தடதடத்தது. நான் ஒவ்வொரு வார்த்தையையும் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். 'ஸ்டாண்டர்ட்' வரைக்கும் நன்றாக நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்ததைச் செல்வி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

குறைக்கவேண்டும் என்பவர்களைத்தான் முதலில் கேட்பார் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். அவரோ, "ஹோம்வொர்க் ஜ்யாதா சாஹியே? ஹாத் ஊபர்!" என்று தொடங்கினார். வீட்டுப்பாடம் அதிகம் வேண்டும் என்பவர்கள் கை தூக்கவேண்டும். அண்ணாச்சி பக்கம் தூக்கியது. எங்கள் பக்கத்துப் பெண்கள் ஒரே நேரத்தில் திரும்பி என்னைப் பார்த்தார்கள். மற்றவர்கள் விரல் நீட்டித் தூக்கியிருந்த இடத்தில் நான் மட்டும் முஷ்டியை மடக்கி, ஊர்வலத்தில் கோஷம் போடுகிறவளைப் போல உயர்த்திப் பிடித்திருந்தேன். பர்தாவின் கறுப்புக் கை ஜன்னல் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிந்ததாம். கண்ணையும் மறைக்கும் முகத்திரை போட்டிருந்ததால் கண் மூடியிருப்பது யாருக்கும் தெரியவில்லை. தலை குனிந்து உறுதியோடு நிற்பதாக நினைத்துக்கொண்டார்கள்.

"அக்கா தூக்கிட்டாவ. ஏதோ வெசயம் இருக்கு" என்று செல்வி தூக்கினாள். அவளைப் பார்த்து மற்றவர்கள். கடைசியில் அந்தக் கர்ப்பிணி. வகுப்பறையில் தூக்காத கை ஒன்றும் மிச்சமில்லை.

பெரிய சாருக்கே கண் கலங்கிவிட்டதாம். கை தட்டினார். எல்லோரும் தட்டினார்கள்.

அந்தச் சத்தத்தில்தான் நான் விழித்தேன். கூட்டம், இரைச்சல், கையில் கம்பி. ஐரோலி வந்துவிட்டது, எல்லோரும் இறங்கிக்கொண்டிருக்கிறார்கள், நான் மட்டும் உள்ளேயே நிற்கிறேன்! தோள்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "ஹட்டோ ஹட்டோ, உதர்னா ஹை!" (விலகுங்கள், இறங்கவேண்டும்) என்று கத்தியபடி பெஞ்சுகளுக்கு நடுவே பாய்ந்தேன். ஒரு பெரியவரின் காலை மிதித்தேன். சுடலைமுத்து அண்ணாச்சியைத் தோளால் இடித்தேன். கரும்பலகை மூக்குக்கு நேரே வந்தபோதுதான் ரயிலில் கரும்பலகை கிடையாது என்பது உறைத்தது.

நான் பேசுவதற்காக முன்னால் ஓடி வந்ததாகப் பெரிய சார் நினைத்துக்கொண்டார். "ஆயியே, ஆயியே, தோ சப்த்" என்று வழிவிட்டார். இரண்டு வார்த்தை பேசவேண்டுமாம். கரும்பலகையில் சாக்பீஸால் பெரிதாக எழுதியிருந்தது: அதிகம் – எல்லோரும். குறைவு – பூஜ்யம்.

'நான் தூங்கிவிட்டேன்' என்று அப்போதே சொல்லியிருக்கலாம். இரண்டே வார்த்தைதான், சார் கேட்டதும் அதுதான். ஆனால் அண்ணாச்சி எழுந்து நின்று என்னைக் கும்பிட்டார். "தங்கச்சி, உனக்குப் பெரிய மனசு. எதிர்த்துப் பேசுன வாயால புள்ளையளுக்காக எறங்கி வந்துட்டே" என்றார். உண்மையில் இறங்கத்தான் வந்தேன். அதை எப்படிச் சொல்வது?

"புள்ளைங்க நல்லாருக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு முகத்திரையைச் சரிசெய்துகொண்டேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது செல்வி மெதுவாகக் கேட்டாள். "எக்கா, நல்லா யோசிச்சுத்தான தூக்குனிய?"

"பொறுத்துப் பாரு, தெரியும்" என்றேன். பொய்யிலும் இப்படி ஒரு திமிர்!

திங்கட்கிழமை தெரிந்தது. தமிழ் இரண்டு பக்கம், கணக்கு இருபது, மராட்டி இப்போது இருபது வரி. செவ்வாய்க்கிழமை ஐந்தரைக்கு நான் படியேறியபோது வாசலில் எட்டுப் பிள்ளைகள் நோட்டோடு நின்றார்கள். பின்னால் செல்வி.

"நீங்க தூக்கச் சொன்னதாலதான தூக்குனோம். நீங்களே சொல்லிக் குடுத்துருங்க."

எட்டும் ரிஸ்வானாவும் ஒன்பது. பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஒன்பது பேர் குப்புறப் படுத்து எழுதினால் சமைப்பவள் ஒற்றைக் காலில்தான் நிற்கவேண்டும். இடம் போதாமல் மூன்று பேர் கீழே பட்டறைக்கு இறங்கினார்கள். ஒரு நாள் காஜா ஒரு தோல் துண்டைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தார். அதில் பேனாவால் கங்கையும் யமுனையும் ஓடிக்கொண்டிருந்தன.

"பாத்திமா, இத நான் எந்தப் பையில வச்சுத் தைக்கிறது? நீ மீட்டிங்ல அப்படி என்னதான் பேசுனே?"

அவரிடம்தான் முதலில் உண்மையைச் சொன்னேன். படியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தவர், புத்தி பேதலித்துவிட்டதோ என்று நான் பயப்படும் வரை நிறுத்தவில்லை.

மூன்று வாரம் கழித்து, வகுப்பு ஆசிரியை விமலா டீச்சரைத் தனியாகப் பார்க்கப் போனேன். பள்ளி விட்டிருந்தது. டீச்சர் நோட்டுக் குவியலில் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். கையில் சிவப்புப் பேனா. எழுப்ப மனம் வராமல் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். (நானும் கொஞ்சம் கண் அசந்தேன் என்று நினைக்கிறேன்.) அவர்தான் என்னை எழுப்பினார்.

நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். டீச்சர் பேனாவை மூடிவைத்தார்.

"ஐம்பத்திரண்டு நோட்டு, பாத்திமா. தினமும் ஐம்பத்திரண்டு. ஓட்டெடுப்பு வைக்கலாம்னு சார்கிட்ட சொன்னதே நான்தான். நீங்க இருக்கீங்க, எப்படியும் குறைச்சுடுவீங்கன்னு நம்பினேன். நீங்க கையத் தூக்கினதும் எனக்கு அழுகையே வந்துடுச்சு. எல்லாரும் ஆனந்தக் கண்ணீர்னு நினைச்சாங்க."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவ்வளவு களைத்த முகத்தை நான் கண்ணாடியில்தான் பார்த்திருக்கிறேன். மறு ஓட்டெடுப்புக்கு ஏற்பாடு செய்வதாக டீச்சர் சொன்னார். ஒரே நிபந்தனை: நடந்ததை நானே எழுந்து சொல்லவேண்டும்.

அடுத்த சனிக்கிழமை சொன்னேன். பெஞ்சில் உட்கார்ந்து, முகத்திரையை விலக்கி, செல்வியின் இரண்டு கைக்குழந்தைகளுக்கு நடுவே தூங்கவே வழியில்லாமல் இருந்து, எழுந்து சொன்னேன். முதலில் அன்றைக்கு என்னிடம் கால் மிதிபட்ட பெரியவர் சிரித்தார். பிறகு வகுப்பறையே சிரித்தது. அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்து வந்த நீர்தான்.

பெரிய சார் மறுபடியும் கேட்டார். அதிகம் வேண்டும் என்பவர்கள்?

அண்ணாச்சி தூக்கினார். அவர் பக்கம் தூக்கியது. பிறகு செல்வி தூக்கினாள். பிறகு எங்கள் சந்து முழுவதும்.

"செல்வி!" என்றேன்.

அவள் கையைக் கீழே இறக்காமலே திரும்பினாள். "கோவிச்சுக்காதிய எக்கா. சாயங்காலம் ரெண்டு மணி நேரம் புள்ள உங்க வீட்டுல ஒழுங்கா உக்காந்து எழுதுது. நான் நிம்மதியாச் சோறு பொங்குறேன். இது இப்படியே இருக்கட்டும்."

குறைவு என்பதற்கு நான் ஒருத்தி தூக்கினேன். டீச்சருக்கு ஓட்டு இல்லை. இந்த முறை முழுசாக விழித்துக்கொண்டே தோற்றேன்.

எட்டாம் வகுப்பு முடியும்வரை ஒன்பது பிள்ளைகளும் எங்கள் அறையில்தான் எழுதினார்கள். என் மராட்டியும் தேறியது. மயிலைப் பற்றி இப்போது யார் கேட்டாலும் முப்பது வரி சொல்வேன் (இதுவரை யாரும் கேட்கவில்லை).

ரிஸ்வானா இப்போது சயானில் காலேஜ் இரண்டாம் வருடம். போன பெருநாளுக்கு ஊரிலிருந்து வந்த என் நாத்தனாரிடம் காஜா வழக்கம்போல இந்தக் கதையைத் தொடங்கினார். கம்பியைப் பிடித்துக் காட்டி, வாயைத் திறந்து காட்டி, கரும்பலகை வரை ஓடியும் காட்டினார். எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு ரிஸ்வானா நிதானமாகச் சொன்னாள்.

"எனக்கு அப்பவே தெரியும். நான் ஜன்னலுக்கு வெளியதான் நின்னேன். திரைக்குள்ள கண்ணு மூடியிருந்தது பக்கத்துலேர்ந்து பாக்க தெரிஞ்சுது."

"ஏட்டி, தெரிஞ்சுமா எழுப்பல? கையத் தொட்டிருந்தா முழிச்சிருப்பேனே!"

"அதுக்கு முன்னாடி நீ பகல்ல தூங்கி நான் பாத்ததே இல்ல உம்மா. அஞ்சு நிமிசம் தூங்கட்டும்னு விட்டுட்டேன்." தட்டில் இருந்த இறைச்சித் துண்டை எடுத்துக்கொண்டே தொடர்ந்தாள். "மூணு வருசம் எழுதணும்னு தெரிஞ்சிருந்தா அப்பவே கிள்ளியிருப்பேன்."

எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். நான் தண்ணீர் எடுக்கிறேன் என்று எழுந்துபோய், சொம்பை நிரப்ப வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் படுத்தால் யாரும் எழுப்புவதில்லை. செல்வி படியேறி வந்து, "எக்கா இருக்காவளா?" என்று கேட்பாள்.

காஜா விரலை உதட்டில் வைப்பார். "மீட்டிங்ல இருக்கா."

செல்வி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் இறங்கிப் போய்விடுவாள்.