சித்தப்பாவுக்குப் போக மனமில்லை

சுடுகாட்டை விட்டு நடந்து வெளியேறும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது என்றார் மாமா. நான் பார்க்கவில்லை. வாழ்நாளில் பிறர் சொன்னதை ஓர் எழுத்துப் பிசகாமல் நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான். அதனால்தான் இவ்வளவும் நடந்தது.

எனக்கு முன்னால் சரவணன் நடந்தான். புதிதாக மழித்த தலை, கையில் சிவப்புத் துணி கட்டிய மண்கலயம். கலயத்துக்குள் அவனுடைய அப்பா, என் சித்தப்பா. முந்தைய நாள் எரியூட்டி, அன்று காலையில் அஸ்தி எடுத்திருந்தோம். கிள்ளானுக்குக் கொண்டுபோய்க் கடலில் கரைக்க வேண்டும். எங்களுக்குப் பின்னால் வந்த மாமா சித்தியின் அண்ணன். கிள்ளானில் சில லோரிகளை வைத்துத் தொழில் செய்கிறார். காரோட்டி நான்.

நான் பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவன். ஜொகூரில் கோழிப்பண்ணை, ஈப்போவில் காவல் வேலை, நடுவில் எங்கெங்கோ. எதிலும் நிலைத்ததில்லை. எல்லாம் தீர்ந்ததும் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்து சித்தப்பா வீட்டு ஹாலில் படுத்துக்கொள்வேன். ஏன் வந்தாய் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. வாழ்க்கை முழுக்க லோரி ஓட்டியவர். படுக்கையில் விழுந்த பிறகு மாமாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: இவனுக்கு ஒரு வேலை கொடு. முதலில் ஸ்டியரிங்கில் இவன் கை எப்படி என்று பார்க்கிறேன் என்றார் மாமா. பார்ப்பதற்குள் சித்தப்பா போய்விட்டார். ஆகவே இந்தப் பயணம்தான் எனக்குப் பரீட்சை. (மேற்பார்வையாளர்கள் இரண்டு பேர். ஒருவர் கலயத்தில் இருந்தார்.)

காரும் சித்தப்பாவுடையதுதான். கலயத்தை மடியில் வைத்துச் சரவணன் என் பக்கத்தில் உட்கார்ந்தான். ஏறியதும் நடுக்கண்ணாடியைக் கூரைப் பக்கம் திருப்பினேன். பக்கக் கண்ணாடிகளையும் மடக்கிவிட்டேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்றால் கண்ணாடியில் மட்டும் பார்க்கலாமா என்பது என் வாதம். பின்சீட்டில் மாமா அழுதுகொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு ஒன்று எரிந்தது. அந்தக் காரில் எல்லா விளக்குகளும் எப்போதும் எரியும் என்பதால் நானும் கவனிக்கவில்லை.

சுபாங் ஜெயாவைத் தாண்டும்போது தீய்ந்த வாடை வந்தது.

முன்னால் போகும் லோரிதான் காரணம் என்று ஜன்னல் கண்ணாடிகளை ஏற்றச் சொன்னேன். ஏற்றியதும் வாடை இன்னும் கெட்டியானது. கிளட்ச் பிளேட்டாக இருக்கலாம், பெல்ட்டாக இருக்கலாம், இந்த மாடலுக்கே இது வழக்கம் என்று அடுக்கினேன். மாமாவுக்குக் கேட்கும்படி கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அதற்குள் சரவணன் கலயத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டான்.

"சூடா இருக்கு மாமா."

கிளம்பும்வரை கலயம் வெயிலில் இருந்தது. அது எங்கள் மூவருக்குமே நினைவு வரவில்லை. அஸ்தியைப் பால் விட்டுச் சரியாக ஆற்றினீர்களா என்று மாமா விசாரித்தார். ஆற்றினோம் என்றான் சரவணன். போதவில்லை என்று சொல்லி, கடற்கரைக்காக வைத்திருந்த பால் பாக்கெட்டைக் கடித்துப் பிய்த்து, ஓடும் காரில், அவன் தோளுக்கு மேலாகச் சாய்த்தார். பாதி கலயத்தில் விழுந்தது, பாதி அவன் மடியில். இப்போது காருக்குள் தீய்ந்த வாடையும் பால் வாடையும் சேர்ந்து வீசின.

ஷா ஆலம் பக்கம் கார் இழுக்க மறுத்தது. மிதிக்க மிதிக்க முனகியது. பக்கத்தில் போனவர்கள் ஹார்ன் அடித்துக் கையைக் காட்டினார்கள். சிவப்புத் துணியைப் பார்த்து மரியாதை செய்கிறார்கள் என்று நினைத்து, நானும் பணிவாகத் தலையசைத்துக்கொண்டே போனேன்.

"இது இஞ்சின் கோளாறு இல்லடா," என்றார் மாமா. "மச்சானுக்குப் போக மனசில்ல."

அதை நானும் நம்பினேன். மாமா முன்னால் குனிந்து கலயத்தோடு பேசத் தொடங்கினார்.

"மச்சான், எதுக்குக் கலங்குறீங்க? தங்கச்சிய நான் பாத்துக்கிறேன். சரவணன் படிப்ப முடிப்பான். இந்தப் பயலுக்கும் நாளைக்கே வேல போட்டுக் குடுத்துர்றேன். நிம்மதியா போங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. செத்த பிறகும் எனக்காகக் காரைப் பிடித்து நிறுத்துகிற மனிதர். எந்த வேலையிலும் நிலைக்காத எனக்கு அப்படி ஓர் ஆள் இருந்தார், இனி இல்லை. வாழ்க்கையில் நான் மிக நல்லவனாக இருந்தது அந்தச் சில நிமிடங்கள்தான்.

கிள்ளான் சிக்னலில் நின்றபோது, சாப்பாடு டெலிவரி செய்யும் நம்ம தமிழ் ஆள் ஒருவர் மோட்டார்சைக்கிளிலிருந்து ஜன்னல் கண்ணாடியைத் தட்டினார்.

"பாஸ், பின்னால ரெண்டு சக்கரமும் புகையுது. ஹேண்ட் பிரேக்க எறக்குங்க லா."

கீழே பார்த்தேன். சுடுகாட்டு மேட்டில் காரை நிறுத்தியபோது பாதுகாப்புக்காக இரண்டு கையாலும் இழுத்து வைத்த பிரேக். கிளம்பும்போது இறக்கினேன்தான். ஆனால் அதனடியில் பூஜைச் சாமான் பை சிக்கி, பாதியிலேயே நின்றிருந்தது. பையை உருவினேன். பிரேக் டக்கென்று இறங்கியது.

கூரையைப் பார்த்திருந்த நடுக்கண்ணாடியை மாமா பார்த்தார்.

"அத ஏன்டா அப்படித் திருப்பி வச்சிருக்க?"

"நீங்கதான் மாமா திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு சொன்னீங்க."

சரவணன் கலயத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குலுங்கினான். அழுகிறான் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தான். அப்பா போனதிலிருந்து அவன் முகம் மாறியது அப்போதுதான்.

காரை ஓரம் கட்டினோம். மாமா போன் போட்டு அவருடைய லோரி ஒன்றை வரவழைத்தார். சித்தப்பா கடலுக்கு லோரியில் போனார். நீ காரோடு இரு என்று எனக்கு உத்தரவு. புகை அடங்கும்வரை சாலையோரத்தில் குந்தியிருந்தேன். அவரைக் கரைத்ததை நான் பார்க்கவில்லை.

இன்றைக்கும் சித்தி வீட்டு அடுப்பில் ஏதாவது கருகினால் முதலில் என்னைத்தான் தேடுவார்கள். "எறக்கிட்டியாடா?" என்பாள் சித்தி. சிரித்துக்கொண்டே போய் அடுப்பை அணைப்பாள்.

மாமா வாக்குத் தவறவில்லை. இறந்தவரிடம் கொடுத்த வாக்கு ஆயிற்றே. ஆனால் வேலை என்றுதான் சொல்லியிருந்தார், ஓட்டுகிற வேலை என்று சொல்லவில்லை. மறுநாள் காலையில் அவருடைய லோரியில் டிரைவருக்குப் பக்கத்து இருக்கையில் ஏறினேன். லோரி மேட்டில் நின்றால் குதித்து இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும், கிளம்பும்போது எடுக்க வேண்டும். கட்டையை எடுத்துவிட்டேன் என்று நான் சொன்ன பிறகும், டிரைவர் அண்ணன் ஒவ்வொரு முறையும் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் வண்டியை எடுத்தார்.