பூசைக்கடை முதலாளியை நான் சாகடித்த விதம்

இணையத்தளம் வடிவமைப்பது என்றால் என்ன வேலை என்று எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இன்றுவரை யாருக்கும் என்னால் விளங்கவைக்க முடியவில்லை. ஆனால் கொஞ்சம் கவனம் பிசகினால் அது ஆளையே சாகடித்துவிடும் வேலை என்பது மட்டும் நமுனுகுலப் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தொழிலுக்கு அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தவன் நான்தான்.

எங்கள் குடும்பத்தில் உயர்தரப் பரீட்சை வரை போன முதல் ஆள் நான். படித்தவன் என்றால் காலையில் சப்பாத்து மாட்டிக்கொண்டு பஸ் ஏற வேண்டும் என்பது அப்பாவின் எண்ணம். நானோ வரிசை வீடான எங்கள் லயத்து அறையில் சாரத்தோடு உட்கார்ந்து, ஆறாவது கையில் வாங்கிய மடிக்கணினியைத் தட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் ஒருநாள் சொல்லிவிட்டார்.

"தீவாளி வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள இதுல ஒரு வேல அமையலன்னா, கொழும்புக்கு மாமா கடைக்குப் போயிரு."

மாமா வைத்திருப்பது சாப்பாட்டுக் கடை. அங்கே எனக்கு ஒதுக்கி வைத்திருந்த பதவி வெங்காயம் உரிப்பது.

இந்த நெருக்கடியில்தான் ஆறுமுகம் முதலாளி வந்து வாய்த்தார். பதுளை பஜாரில் பூசைச் சாமான் கடை வைத்திருப்பவர், வீடும் கடைக்குப் பின்னாலேயே. எங்கள் பக்கத்துத் தோட்டக் கோயில்களுக்குக் கற்பூரம் முதல் குத்துவிளக்கு வரை அவர் கடையிலிருந்துதான் போகும். டவுனுக்கு வருகிற எங்கள் சனம், பை மூட்டைகளை அவர் கடையில் போட்டுவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போகும், சாமான் வாங்கப் போகும். அப்படிப் பை வைக்கப் போன இடத்தில், நான் என்ன செய்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். எனக்கும் ஒன்று செய்து கொடு, நன்றாக வந்தால் பஜாரில் நாலு கடையை நானே பிடித்துத் தருகிறேன் என்றார். ஒரு பக்கம் பஜார், மறுபக்கம் வெங்காயம். என் எதிர்காலம் அவ்வளவு தெளிவாக அதற்கு முன்னும் பின்னும் எனக்குத் தெரிந்ததில்லை.

கையில் முதல் இல்லாத வடிவமைப்பாளனைக் காப்பாற்றுவது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் சாமான்கள். இலவசப் பக்க அமைப்பு, இலவசப் படம், இலவச எழுத்துரு, இலவசப் பாடம். (இலவசமாக ஒரு மூளை மட்டும் எங்கும் கிடைக்கவில்லை. தேடியிருக்கிறேன்.) கஷ்டமும் அதிலேதான். பூசை என்று படம் தேடினால் ஒரு வெள்ளைக்காரப் பெண் கண்ணை மூடிக்கொண்டு யோகாசனம் செய்வாள். தமிழ் எழுத்துருவைப் போட்டால் கற்பூரம் என்ற இடத்தில் வரிசையாகக் காலிக் கட்டங்கள் வந்து நிற்கும். இதையெல்லாம் சரிசெய்து கொண்டுபோய்க் காட்டினால் முதலாளி ஒரே ஒரு திருத்தம்தான் சொல்வார்: தன் போட்டோவை இன்னும் கொஞ்சம் பெரிதாக்க வேண்டும். போகப் போக அவர் முகம் முதல் பக்கம் முழுவதையும் பிடித்துக்கொண்டது. ஊதுபத்தியும் சாம்பிராணியும் அவர் தாடைக்குக் கீழே எங்கேயோ போய்விட்டன.

இனி, நான் வேலை செய்த விதத்தைச் சொன்னால்தான் நடந்தது விளங்கும். எங்கள் லயத்தில் சிக்னல் தரையில் கிடைக்காது, கூரைக்கு மேலேதான் கிடைக்கும். ஆகவே என் ஃபோனைப் பையில் போட்டு, மூங்கில் கழியின் நுனியில் கட்டி, கூரைக்கு மேலே உயர்த்தி வைத்திருப்பேன். அது அங்கிருந்து மடிக்கணினிக்கு இணையம் அனுப்பும். ஃபோனைக் கீழே இறக்கினால் இணையம் போய்விடும். இதனால் நான் செய்த தளத்தை நான் ஒரு தடவைகூட ஃபோனில் பார்த்ததில்லை. பார்ப்பவர்கள் எல்லோரும் ஃபோனில்தான் பார்ப்பார்கள் என்ற சின்ன விசயம் என் பெரிய மூளைக்கு எட்டவும் இல்லை.

இலவசப் பாடம் ஒன்றில் ஒரு வித்தை படித்திருந்தேன். படம் முதலில் கறுப்பு வெள்ளையாக இருக்கும். மவுஸைக் கொண்டுபோய் மேலே வைத்தால் மெதுவாகக் கலர் வரும். முதலாளியின் போட்டோவுக்கு அதைப் போட்டேன். கடைக்கு மடிக்கணினியைக் கொண்டுபோய்க் காட்டியபோது, காத்து நின்ற ஆட்களை மறந்துவிட்டு அவரே மவுஸை வைத்து எடுத்து, வைத்து எடுத்து விளையாடினார்.

"பாருய்யா, தொட்டதும் மூஞ்சியில ரத்தம் ஓடுது," என்றார்.

போட்டோவுக்குப் பக்கத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு குத்துவிளக்கு, சுடர் ஆடி ஆடி எரியும்படி. பூசைக்கடைக்குப் பொருத்தம்தானே? போட்டோவுக்குக் கீழே கடை தொடங்கிய வருசமும் இந்த வருசமும், நடுவில் ஒரு கோடு. பின்னணி முழுக்க வெள்ளை. வெற்றிடம்தான் அழகு என்று பாடத்தில் சொல்லியிருந்தார்கள். மவுஸ் இல்லாத ஃபோனில் இந்த நாலும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அந்தப் பாடத்தில் யாரும் சொல்லவில்லை.

அன்று பின்னேரம் மடிக்கணினியிலிருந்தே தளத்தின் இணைப்பைத் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பணிவாக இருக்கட்டும் என்று கீழே ஒரு கும்பிடும் கைப்படமும் போட்டேன். பதிலுக்குக் கும்பிடும் கைகளாக வந்து குவிந்தன. தோட்டமே என் திறமையைக் கும்பிடுகிறது என்று நினைத்தேன். ஒருவர் அழுகிற முகம்கூடப் போட்டிருந்தார். ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டேன்.

சாவுக்கு எங்கள் ஆட்கள் அழைப்பை எதிர்பார்ப்பதில்லை. கேள்விப்பட்டால் போதும், கிளம்பிவிடுவார்கள். மறுநாள் காலை, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டில், தோட்டத்துச் சங்கத் தலைவர் மருதை முன்னால் வந்து விசயத்தைச் சொல்லி, தோட்டத்து மேலாளரான தொரையிடம் அரைநாள் லீவு கேட்டு, லொறியும் பிடித்துவிட்டார். நான் இது எதுவும் தெரியாமல், விளக்குகளைப் படம் பிடிக்கவென்று முதல் பஸ்ஸில் பதுளைக்கு வந்துவிட்டேன். முதலாளி மேசைக்குக் கீழே தரையில் உட்கார்ந்து கற்பூரத்தைப் பைகளில் போட்டுக்கொண்டிருந்தார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அவர் தலை தெரியாது.

அப்போது தலைவர் மருதை உள்ளே வந்தார். கையில் மலர்வளையம். பின்னால் வெள்ளைச் சட்டையில் என் அப்பா. இரண்டு பேரும் என்னை ஒரு மாதிரி இரக்கத்தோடு பார்த்தார்கள். அப்பா, நான் பிறந்ததிலிருந்து இல்லாத வழக்கமாக, என் தோளில் கை வைத்தார்.

"நீ செஞ்ச வேல நல்லாத்தான்டா இருந்துச்சு. ஒங்கம்மா பாத்துட்டு அழுதுட்டா."

எனக்குப் புல்லரித்துவிட்டது. ஒரு தாயை அழவைக்கும் வடிவமைப்பு. இனி வெங்காயம் என் பக்கம் வராது.

மருதை தொண்டையைச் செருமி, மெல்லிய குரலில், ஊதுபத்தி ரெண்டு கட்டு, சந்தனம், பன்னீர் ஒரு போத்தல் வேண்டும் என்றார். வியாபாரக் குரல் காதில் விழுந்ததும் மேசைக்குக் கீழிருந்து முதலாளி எழுந்தார், கை நிறையக் கற்பூரத்தோடு.

மலர்வளையம் கீழே விழுந்தது.

முதலாளி அதைப் பார்த்தார். முகத்தைச் சோகமாக்கிக்கொண்டு, கடைக்காரருக்கே உரிய மரியாதையோடு கேட்டார்.

"அடடா. யாருங்க தவறிட்டது?"

மருதை என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், பிறகு பொய் சொல்ல மனம் வராமல் சொன்னார்.

"நீங்கதாங்க முதலாளி."

யாரோ ஃபோனை எடுத்து நீட்டினார்கள். அதில்தான் நான் முதன்முதலாக என் படைப்பைப் பார்த்தேன். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு வெள்ளை முதலாளி, பக்கத்தில் ஆடும் சுடர், கீழே இரண்டு வருசமும் ஒரு கோடும். முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"அடப்பாவி, எனக்கே கும்பிடணும் போல இருக்கே," என்றார்.

அதற்குள் லொறியிலிருந்து இறங்கியவர்கள் வாசலில் தப்பு மேளம் அடிக்க ஆரம்பித்திருந்தார்கள். எதிரிலிருந்த புடவைக் கடைக்காரர் மரியாதைக்குப் பாதிக் கதவை இறக்கிவிட்டார். வெலிமடையிலிருந்து முதலாளியின் மைத்துனர் ஒருவர், சாப்பாட்டுக்கு உதவும் என்று ஒரு மூட்டை லீக்ஸோடு வந்து இறங்கினார். எங்கள் பக்கத்து லயத்து அக்கா உள்ளே வந்து முதலாளியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நமுனுகுலயிலிருந்து அழுதுகொண்டே வந்தேனே என்று சண்டைக்கே போய்விட்டார். உயிரோடிருந்ததற்காக முதலாளி அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

மருதைக்கு வேறு கவலை. ஆள் செத்துவிட்டதாகச் சொல்லி அல்லவா தொரையிடம் அரைநாள் வாங்கியிருக்கிறார்? முதலாளி யோசித்தார். தொரை இந்தப் பக்கம் வந்தால், தான் பின்னறைக்குப் போய்விடுவதாக வாக்குக் கொடுத்தார். சாவு வீட்டுக்கு வந்த சனத்தைப் பட்டினியாக அனுப்பக் கூடாது என்று சொல்லி, அந்த லீக்ஸையே கறியாக்கி, பின்வாசலில் எல்லோருக்கும் சோறு போட்டார். பந்தியில் அவருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உபசாரம் நடந்தது.

நான் சாப்பிடவில்லை. அப்பா பக்கத்தில் இருந்தவரிடம் கொழும்பு பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிப்பது காதில் விழுந்துகொண்டிருந்தது. அப்போது முதலாளி கை கழுவிவிட்டு என்னைக் கூப்பிட்டார். போனேன். அப்பாவும் பின்னாலேயே வந்தார்.

"தம்பி, இந்த மூஞ்சியக் கலராக்கிரு. வெளக்கக் கொஞ்சம் தள்ளி வை. கோட்டுக்குப் பின்னால இருக்கிற வருசத்த எடு."

"கோட்டையும் எடுத்துர்றேங்க முதலாளி."

"கோடு இருக்கட்டும். மிச்சத்த நேரம் வர்றப்ப போட்டுக்கலாம். அந்த வேலையும் ஒனக்குத்தான்."

அப்பா அதற்குப் பிறகு பஸ்ஸைப் பற்றிப் பேசவில்லை. முதலாளி உயிரோடு இருக்கும்வரை எனக்கு வேலை இருக்கிறது, அதற்குப் பிறகும் ஒரு நாள் வேலை இருக்கிறது என்று கணக்குப் போட்டிருப்பார். எதிரிலிருந்த புடவைக் கடைக்காரரும் தளம் செய்யச் சொன்னார், போட்டோ மட்டும் வேண்டாம் என்ற நிபந்தனையோடு.

இப்போது பஜாரிலேயே ஒரு சின்ன அறை எடுத்து வேலை செய்கிறேன். எதைச் செய்தாலும் முதலில் ஃபோனில்தான் பார்க்கிறேன். ஆனால் அந்த நாள் மட்டும் என்னை விடுவதாக இல்லை. வருசம் தவறாமல் அதற்கு முதல்நாள் முதலாளியிடமிருந்து அழைப்பு வரும். இந்த வருசமும் வந்தது.

"தம்பி, நாளைக்கு என் திதி. அப்பாவக் கூட்டிக்கிட்டு நேரத்தோட வந்துரு. போன தடவ நீங்கல்லாம் தின்னு முடிச்சதுல, எனக்கே வடை கெடைக்கல."