டோஸ்ட் சொல்ல நான் பழகிய இடம்

ரிச்சர்ட்ஸ் டவுன்,
பெங்களூரு.

கர்த்தருக்குள் பிரியமான மச்சான் நோயல் அவர்களுக்கு, ஃபிராங்க்ளின் எழுதுவது. உங்கள் முழங்கால் தேறி வருகிறது என்று அறிந்து மகிழ்ச்சி. இங்கு நாங்கள் சுகம். உங்கள் தங்கை பிரிஜெட் மட்டும் என்னோடு பேசுவதில்லை. காரணம் பல வாயால் உங்களுக்கு வந்திருக்கும். என் வாயாலும் கேளுங்கள்.

நம் வீட்டுக் கல்யாணங்களில் கேக் வெட்டியதும் மைக் உங்கள் கைக்குத்தான் போகும். நீங்கள் வைன் கிளாஸைத் தூக்கி, மணமக்களை வாழ்த்தி டோஸ்ட் சொல்வீர்கள், மண்டபமே சிரிக்கும். நான் மூலையில் கட்லெட் தின்பேன். ஆனால் என் மூத்த மகள் அன்னாவின் கல்யாணத்துக்கு நீங்கள் ஆபரேஷனில் படுத்துவிட்டதால், பெண்ணைப் பெற்றவனே பேசுவது என்று முடிவாயிற்று. எனக்கோ மைக்கைக் கண்டாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். கண்ணாடி முன் நின்று பழகினேன். அன்னா பார்த்துவிட்டு, "டாடி, கண்ணாடிகிட்ட பேசி என்ன ஆகும்? ஆளுங்க முன்னாடி பேசிப் பழகுங்க" என்றாள். சிரிக்காத, எழுந்து போகாத ஆட்களை எங்கே தேடுவது? யோசித்துப் பார்த்ததில் சாவு வீட்டு அடக்க ஆராதனைதான் தோதாகப் பட்டது. அங்கே பேசப்படுகிறவரும் மறுப்புச் சொல்வதில்லை. முதல் தடவை கால் வெடவெடத்தது. துக்கம் தாங்காமல் ஆடுகிறேன் என்று நினைத்து நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தார்கள். அந்த மரியாதையில் தைரியம் வந்தது. அப்புறம் எந்தச் சாவையும் விடவில்லை. முகமே பார்த்திராத ஒரு பெரியவரின் தாராள மனதைப் பற்றி நான் உருகியபோது, அவர் மருமகள், "இவரு யாரச் சொல்றாரு?" என்று பக்கத்தில் கேட்டாளாம். பிறகு பாஸ்டரே போன் செய்து கூப்பிடத் தொடங்கினார்.

கல்யாணத்தன்று மைக்கை வாங்கினேன். நாக்கு ஒட்டவில்லை மச்சான்! "நம் அன்பு அன்னா இன்று நம்மை விட்டுப் பிரிந்து செல்கிறாள்" என்று ஆரம்பித்தேன். "யாருக்கும் தீங்கு நினையாதவள். இனி அவள் அறையில் விளக்கு எரியாது" என்றேன். மாப்பிள்ளை வீட்டார் எழுந்து தலை குனிந்தார்கள். கீபோர்டு வாசிக்கிறவன் யாரும் கேட்காமலே மெதுவான கீதம் ஒன்றைப் பிடித்தான். எல்லாரும் வைன் கிளாஸோடு மௌனமாக நிற்க, சமையல்காரர் எட்டிப் பார்த்து, "ஏனாயித்து சார், என்ன ஆச்சு? பிரியாணி எறக்கலாமா வேணாமா?" என்றார். சம்பந்தி என் இரண்டு கைகளையும் பிடித்து, "மனசத் தேத்திக்கோங்க" என்றார். பிரிஜெட் பல்லைக் கடித்து, "அவ இதே ஊர்ல வைட்ஃபீல்டுக்குத்தான் போறா, பரலோகத்துக்கில்ல!" என்றாள்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது. பெற்ற பெண் போகிறாளே என்று அழுதுவிட்டேன். அன்னாவும் என் தோளில் சாய்ந்து அழுதாள். ஆனாலும் பட்ட மானக்கேடு போதும். ஜனவரியில் இளையவள் நோராவின் கல்யாணத்துக்கு நீங்கள் ஊன்றுகோலோடாவது வந்து டோஸ்ட் சொல்லிவிடுங்கள். இனி நான் மைக்கைத் தொடமாட்டேன், இது சத்தியம்.

உங்கள் வீட்டில் எல்லாருக்கும் எங்கள் ஸ்தோத்திரம். கர்த்தர் உங்கள் முழங்காலைக் காப்பாராக.

அன்புடன்,
ஃபிராங்க்ளின்

பி.கு.: கவரை ஒட்டும் முன் நோரா படித்துவிட்டாள். "மாமா பேசினா எல்லாரும் சிரிப்பாங்க. அக்காவுக்கு அழுத மாதிரி எனக்கும் நீங்கதான் அழணும்" என்று அடம் பிடிக்கிறாள். எனவே நீங்கள் சிரமப்பட வேண்டாம். எனக்குத்தான் பழக்கம் விட்டுப்போகக் கூடாது. உங்கள் சபையில் யாராவது கவலைக்கிடமாக இருந்தால் உடனே தெரிவிக்கவும்.