நேபாளத்துக்கு ஓர் ஒத்திகை

கைலாசம் எதிர்பார்த்தது ஒரே ஒரு 'முடியாது'. தாசில்தார் கொடுத்ததோ, கேட்டதற்கு மேலேயே லீவு.

"நேபாளமா? பசுபதிநாதர் தரிசனமா? ஓய், நான் குறுக்கே நின்னா எனக்கு நல்ல கதி கிடைக்குமா?" என்று தாசில்தார் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். கலெக்டர் வந்தால்தான் அவர் அப்படி எழுவது வழக்கம்.

"இல்லய்யா, கிஸ்தி வசூல் நேரம். நான் இல்லேன்னா ஆபீஸே திண்டாடிப் போகும்," என்று கைலாசம் மன்றாடிப் பார்த்தார்.

"நீர் இருந்தும் அதுதானே ஓய் நடக்குது," என்றார் தாசில்தார் அன்பாக. "வரும்போது ஒரு ருத்திராட்சம் மட்டும் கொண்டாந்துரும்."

தென்காசி தாலுகா ஆபீஸ் படிகளில் கைலாசம் தள்ளாடி இறங்கினார். அத்தனை நம்பிக்கை வைத்திருந்த சர்க்காரே இப்படிக் கைவிட்டால் மனிதன் எங்கே போவான்? நேபாளத்துக்குத்தான் போக வேண்டும்.

எல்லாம் சித்திரை வெயில் செய்த வேலை. சினிமாக் கொட்டகையில் நியூஸ் ரீலில் நேபாளத்துப் பனிமலைகளைக் காட்டினார்கள். வியர்வையில் பெஞ்சோடு ஒட்டிக் கிடந்த கைலாசம், "அங்கன போயி ஒரு நாளாவது கிடக்கணும்லே," என்று பக்கத்தில் இருந்த தாணுவிடம் சொல்லிவிட்டார். வெயிலில் மனிதன் என்னென்னவோ சொல்வான். ஐஸ் வண்டிக்காரனைப் பார்த்து, உனக்கு மகனாய்ப் பிறந்திருக்கக் கூடாதா என்றுகூட ஏங்குவான். அதையெல்லாம் யாராவது காதில் வாங்குவார்களா?

தாணு வாங்கிவிட்டார். "போவோம்லே," என்றார்.

தாணு சின்ன வயசுத் தோழர். ரதவீதியில் பாத்திரக்கடை. சம்சாரம் தவறிப் போன நாளிலிருந்து பேச்சே குறைந்து போன மனிதர். வாங்க வருகிறவர்கள் குடத்தைத் தட்டிப் பார்க்கிற சத்தம்தான் அந்தக் கடையில் பேச்சு. அப்படிப்பட்டவர் நேபாளம் என்றால் மட்டும் வாய் திறந்தார். காலையில் பேசினார், கடை அடைத்த பிறகும் தேடி வந்து பேசினார். இவன் முகத்தில் இத்தனை காலம் கழித்து ஒரு வெளிச்சம் வந்திருக்கிறது, அதை நாம் அணைப்பதா என்று கைலாசம் சும்மா இருந்துவிட்டார்.

அதற்குள் அவர் மனைவி கல்யாணசுந்தரி, காசி விசுவநாதர் சன்னதியில் இரண்டு பேர் பேரிலும் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்துவிட்டாள். சாமி முன்னால் முடிந்த காசு! யாத்திரை வேண்டாம் என்று எவன் முதலில் வாய் திறக்கிறானோ, பாவம் முழுவதும் அவன் தலையில்.

ஆகையால் கைலாசம் வேண்டாம் என்று சொல்லக் கூடாது. யாராவது அவரைத் தடுக்க வேண்டும்.

ஏனென்றால் அவருக்குக் குளிர் ஆகாது. குற்றாலத்துக்குக் கூப்பிடு தூரத்தில் பிறந்து வளர்ந்தவர்தான். ஆனால் சீசனில் ஊரே அருவியில் நிற்கும்போது, இவர் மட்டும் கரையில் நின்று மற்றவர்களுடைய வேட்டிகளுக்குக் காவல் இருப்பார்.

"ஏலே தாணு, வைகாசில போனா என்ன?" என்று ஒருநாள் நைசாகக் கேட்டுப் பார்த்தார்.

"வைகாசில போயி என்னத்தப் பாக்க? நல்ல குளிர்ல போனாத்தாம்லே நேபாளம். அங்கன மூக்கு மரத்துப் போயிருமாம். சளி சிந்துனா மூக்கும் கையோட வந்துருமாம்," என்ற தாணு, நண்பரின் முகத்தையே உற்றுப் பார்த்தார். "உனக்கு ஒண்ணும் பயமில்லையே?"

எவ்வளவு ஆசையாகச் சொல்லுகிறான்! கைலாசம் தன் மூக்கை ஒருமுறை தடவிக்கொண்டார். "மூக்குதானலே, போனாப் போவுது."

தாசில்தார் கைவிட்டதும் கைலாசம் வைத்தியத்தில் இறங்கினார். பாத்திரக்கடை வாசலில் நின்று, அடுக்கி வைத்த தாம்பாளங்கள் அதிரும்படி இருமினார்.

"நெஞ்சுல சளி கட்டி இருக்காம்லே. குளிரு ஆகவே ஆகாதுன்னு வைத்தியர் சொல்லுதாரு."

தாணு கையில் இருந்த செம்பைக் கீழே வைத்தார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "அப்போ... என்ன செய்யலாங்கே?"

அந்த முகத்தைப் பார்த்ததும் கைலாசத்துக்கு மனசு தாங்கவில்லை. அவருடைய வாய் அவரைக் கேட்காமலே பேசியது. "என்ன செய்ய? குளிருக்குப் பழகிக்கிட்டாச் சரியாப் போயிரும்."

 தாணு செம்பை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு, "சரி. நாளைக்கே விடியக்காலம் அருவிக்குப் போவோம். மார்கழித் தண்ணி தாங்கிட்டின்னா நேபாளமும் தாங்கிருவே," என்றார்.

இதில் கைலாசத்துக்கு ஒரு கணக்கு இருந்தது. இரண்டு நாள் நனைந்தால் காய்ச்சல் வரும். காய்ச்சல் வந்தால் கல்யாணசுந்தரி படுக்கையை விட்டு எழுந்திருக்கவே விடமாட்டாள்.

குற்றாலத்தில் சீசன் முடிந்து கடைகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. ஐப்பசி மழைத் தண்ணீர் மட்டும் வற்றாமல், பாறைமேல் மூட்டை மூட்டையாக வந்து விழுந்தது. இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்கள். முதல் அடியிலேயே கைலாசத்துக்குத் தன் பெயர் மறந்து போயிற்று.

"போதுமாலே?" என்று கத்தினார் தாணு.

"நீ சொல்லு!"

"நீ சொல்லுலே!"

இருவரும் சொல்லவில்லை. உதடு நாவற்பழ நிறத்துக்கு வரும்வரை நின்றார்கள். குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிட, கரையில் கிண்ணத்தோடு குந்தியிருந்த மாடக்கண்ணுவுக்கே பொறுக்கவில்லை.

"ஏ அண்ணாச்சிகளா, சீசன்லகூட ஒருத்தரும் இப்படி நிக்க மாட்டாவளே! எதும் சொத்து வழக்கா? ஜெயிக்கணும்னு வேண்டுதலா?"

தினமும் போனார்கள். காய்ச்சல் மட்டும் வரவில்லை. வந்தது ஆரோக்கியம். பல வருஷமாகக் குடியிருந்த சளி சொல்லாமல் கொள்ளாமல் காலி செய்துகொண்டு போயிற்று. கைலாசத்துக்குப் பசி எடுத்தது. கன்னத்தில் சதை பிடித்தது.

"கல்யாணத்தன்னைக்குப் பாத்த மாதிரி இருக்கீங்க," என்று கல்யாணசுந்தரி இன்னும் இரண்டு இட்லி வைத்தாள். அத்தனை துக்கத்திலும் கைலாசம் அதையும் சாப்பிட்டார். தாணுதான் பாவம், மூக்கைச் சிந்திச் சிந்திச் சிவந்து போயிருந்தார்.

கடைசி ஆயுதமாக மனைவியிடமே போனார் கைலாசம். பெண் மனசு இளகின மனசு. ஒரு கண்ணீர் போதும், பயணம் நின்றுவிடும்.

"சுந்தரி, அங்கன பனி மலையே சரிஞ்சு விழுமாம். உள்ளே போன ஆளைத் தேடி எடுக்கவே முடியாதாம்."

அவள் அரிவாள்மணையை நிறுத்தினாள். கண் கலங்கியது. கைலாசம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"அப்படியாப்பட்ட எடத்துல தாணு அண்ணனைத் தனியா விட்டுறாதீங்க," என்றாள் அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "யாரு இருக்கா அவுகளுக்கு? நீங்கதான் கையை விடாமப் பிடிச்சுக்கிட்டுப் போவணும்."

அதற்குமேல் கைலாசத்திடம் ஆயுதம் இல்லை. பெட்டி இருந்தது, அதைக் கட்டினார்.

தென்காசி ஸ்டேஷனில் பட்டணம் போகிற ரயில் பக்கத்தில் ஒரு தெருவே திரண்டு நின்றது. மாலை, முறுக்கு டின், எலுமிச்சங்காய் ஊறுகாய், ஆளுக்கொரு ருத்திராட்ச விண்ணப்பம். மேளம் ஒன்றுதான் குறை என்று பார்த்தால், அதையும் தாசில்தார் ஏற்பாடு செய்திருந்தார். சாயங்கால வெயிலில் கழுத்துவரை கம்பளியைப் போட்டுக்கொண்டு, இரண்டு நண்பர்களும் வியர்வையில் குளித்துக்கொண்டு நின்றார்கள்.

பெட்டிக்குள் ஏறியதும் தாணு கேட்டார். "ஏலே, உனக்குச் சந்தோசம்தானே?"

 இப்போதுகூட நம்மைப் பற்றித்தான் நினைக்கிறான். இவனுக்காக நேபாளம் என்ன, அதற்கு அந்தப்பக்கமும் போகலாம். கைலாசம் இருக்கிற பல் அத்தனையும் தெரியச் சிரித்தார். "பின்ன என்னலே! பனியில உருளணும்லா!"

தாணு டிரங்குப் பெட்டியைத் தள்ளி வைக்கிற சாக்கில் உள்ளே திரும்பிக்கொண்டார்.

விசில் ஊதியது. மேளம் உச்சத்துக்குப் போனது. ரயில் ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது. கல்யாணசுந்தரி கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை ஆட்டினாள். அவளைத் தள்ளிக்கொண்டு, தாணுவின் அக்கா முத்துவடிவு சேலையைத் தூக்கிச் செருகியபடி ஜன்னலோடு ஓடி வந்தாள். தம்பிக்குக் கேட்டுவிடாமல், கைலாசத்தின் காதுக்கு எட்டுகிற மாதிரி சொன்னாள்:

"ஏய்யா கைலாசம், தாணுவைப் பத்திரமாப் பாத்துக்கிடுய்யா! குளிருன்னாலே அவனுக்கு உசிரு போயிரும். உன்னையப் பயங்காட்டி உன் வாயாலேயே வேண்டாம்னு சொல்ல வச்சிரலாம்னுதான் மூக்கு உதிரும், காது உதிரும்னான், அருவிக்கெல்லாம் இழுத்துக்கிட்டு அலைஞ்சான். உன் ஆசையில மண்ணைப் போடக் கூடாதுன்னு கடைசிவரை வாயே தொறக்கலய்யா, பாவிப்பய!"