விசா வாமனய்யாவின் நல்ல நேரம்

டெக்சாஸில் அந்தப் பல்கலைக்கழக ஊரில் ஏப்ரல் பிறந்துவிட்டால் நூலகத்தில் ஈ, காக்கை இருக்காது. பட்டம் வாங்கப்போகும் தெலுங்குப் பிள்ளைகள் எல்லாம் குண்டூர்க்காரர் மளிகைக் கடையின் பின்கட்டில் வரிசையில் நிற்பார்கள். அங்கேதான் 'விசா' வாமனய்யா கொலுவிருந்தார். படிப்பு முடிக்கும் வெளிநாட்டு மாணவர், அமெரிக்காவில் வேலை பார்க்க அரசிடம் அனுமதி கேட்டு விண்ணப்பிக்க வேண்டும் அல்லவா? விண்ணப்பத்தை அனுப்பும் பொத்தானை எந்த நாள், எந்த நிமிடம் அமுக்குவது என்று நட்சத்திரம் பார்த்துச் சொல்லும் மகான் அவர். தட்சிணை நூற்றியொரு டாலர். செருப்பை வாசலில் விட்ட முதுகலை மாணவர்கள், கற்ற அறிவையும் பக்கத்திலேயே விட்டுவிட்டு உள்ளே போனார்கள்.

சுவர் முழுக்க அனுமதி அட்டையோடு சிரிக்கும் முகங்கள். விதிப்படி விண்ணப்பித்தால் பெரும்பாலும் அட்டை வரத்தான் செய்யும். வந்தால் படம் சுவரில் ஏறும். வராவிட்டால், ரெண்டு நிமிஷம் தாமதமாக அமுக்கிவிட்டாய் என்பார். பஞ்சாங்கம் விஜயவாடாவில் அச்சானது. அங்கே பொழுது விடியும்போது இங்கே அந்தி சாய்கிறதே என்று ஒருவரும் கேட்கவில்லை.

வரிசையில் நின்ற ஹிமபிந்துவுக்கு ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்திருந்தது. ஜூலை முதல் தேதி அட்டையோடு வராவிட்டால் வேறு ஆள் என்று சொல்லிவிட்டார்கள். கல்லூரி பரிந்துரைப் படிவம் கொடுத்து இருபத்தாறு நாள் ஆயிற்று. முப்பது நாளுக்குள் விண்ணப்பிக்காவிட்டால் அது செல்லாது. வாமனய்யா குறித்த முகூர்த்தமோ முப்பத்து நான்காம் நாள். அறைத்தோழி அலேக்யா தலைபாடாக அடித்துக்கொண்டும் கேட்காமல், அந்த நாளை முன்னதாக மாற்றச் சொல்லிக் கெஞ்ச ஹிமபிந்து வந்திருந்தாள்.

அவளுக்குப் பின்னால் நின்றவன் பார்கவ். போன மாதம் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவன். பரிகாரம் கேட்க வந்திருந்தான். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். பூனைக்குப் பட்டப்படிப்பு இல்லை.

ஹிமபிந்து கெஞ்சினாள். வாமனய்யா கண்ணை மூடினார்.

"கிரகம் பெரிசா, காகிதம் பெரிசா? நான் சொன்ன நாளுக்கு முன்னாடி போட்டா வேலையும் போகும், ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்."

அவள் சரி என்று தலையாட்டிவிட்டாள். கூட வந்த அலேக்யா சட்டென்று முன்னால் போய் உட்கார்ந்து, பிறந்த நாளும் நேரமும் சொன்னாள். வாமனய்யா பக்கம் புரட்டினார், விரலை மடக்கினார்.

"மே ஒன்பது, காலைல பத்து பதினேழு. அதுவரைக்கும் சனி குறுக்க உக்காந்திருக்கான்."

"அதுக்கு முன்னாடி போட்டா, சாமி?"

"நிச்சயமா திரும்பி வரும்."

எழுதிக் கொடுக்கச் சொன்னாள். எழுதிக் கையெழுத்தும் போட்டார். அலேக்யா பையிலிருந்து அனுமதி அட்டையை எடுத்து அந்தக் காகிதத்தின் மேலேயே வைத்தாள்.

"பிப்ரவரியிலேயே போட்டுட்டேன் சாமி. செவ்வாய்க்கிழமை, ராகுகாலத்துல. நேத்து அட்டை வந்துருச்சு."

ஹிமபிந்துவிடம்கூட அவள் மூச்சு விட்டிருக்கவில்லை.

"அது... உன் முன்னோர் செஞ்ச புண்ணியம்மா."

"அப்ப அவங்களே போதுமே. நடுவுல நீங்க எதுக்கு?"

பிறகு பார்கவிடம் நிராகரிப்புக் கடிதத்தைக் கேட்டாள். முதல் வரியைப் பார்த்து அழுததோடு சரி, மீதியை அவன் படிக்கவே இல்லை. இப்போது படித்தான். பரிந்துரை கொடுத்து முப்பது நாள் கடந்தபின் வந்த விண்ணப்பம் என்று எழுதியிருந்தது.

"நீங்க சொன்ன நாள்லதான் சாமி போட்டேன்" என்றான் மெதுவாக.

வாமனய்யா பஞ்சாங்கத்தைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கினார். இன்றைக்கு நேரம் சரியில்லை என்று முணுமுணுத்தபடி பின்வாசல் வழியே நழுவினார். அவர் வாழ்நாளில் சரியாகக் கணித்த நேரம் அது ஒன்றுதான்.

ஹிமபிந்துவுக்கு வெட்கமும் ஆத்திரமுமாக வந்தது. அவர்மேல் பாதி, தன்மேல் பாதி. அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். எமகண்டம் நடக்கிறது என்று யாரோ பதறினார்கள்.

"எமன் வந்தா உக்காரச் சொல்லு. இத முடிச்சுட்டு வர்றேன்" என்று பொத்தானை அமுக்கினாள்.

வரிசையில் பாதி கலைந்தது. மீதிப் பாதி, ஹூஸ்டனில் இவரைவிடச் சக்தி வாய்ந்தவர் ஒருவர் இருக்கிறாராமே என்று விசாரிக்கத் தொடங்கியது. கண்மணிகளே, அந்த விண்ணப்பத்தில் பெயர் கேட்கிறார்கள், முகவரி கேட்கிறார்கள். நட்சத்திரம் கேட்கும் கட்டம் எங்கேயும் இல்லை. இவ்வளவு படித்தீர்கள், அதையும் ஒருமுறை படித்துத் தொலையுங்கள்.