ஊராஹ் எபர்ஹார்ட் சங்கத்துக்கு ஒரு வாரிசு தேவை

ஊராஹ், அக்டோபர் 14

அன்பு மருமகள் ஃப்ரீடெரிக்கேவுக்கு, தாய்மாமன் எபர்ஹார்ட் ஹேபெர்லே எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம்; முழங்கால் மட்டும் தன் இஷ்டப்படி நடந்துகொள்கிறது. நீயும், உன் கணவன் டில்மனும், வரும் மாதம் பிறக்கப்போகிற பிள்ளையும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு எங்கள் சங்கம், தங்கமான் விடுதியில் நாற்பத்தோரு ஆண்டுகளாகத் தனக்கென்றிருந்த பெரிய மேசையை விட்டு, அடுப்போரத்துச் சின்ன மேசைக்கு மாறுவதென்று ஒருமனதாகத் தீர்மானித்தது. இந்த முடிவின் கனம் வெளியாருக்கு விளங்காது. எபர்ஹார்ட் என்று பெயருள்ளவர் மட்டுமே சேரக்கூடிய இந்தச் சங்கத்தில் ஒரு காலத்தில் முப்பத்துநான்கு பேர் இருந்தோம். மது ஊற்றும் ரோஸ்விதா "எபர்ஹார்ட்!" என்று கூப்பிட்டால் முப்பத்துநான்கு தலைகள் திரும்பும். இன்று தலைவர் நான், பொருளாளர் ஷ்னாவ்ஃபர், செயலாளர் கும்மெர்லே, அவ்வளவுதான். மூன்று பேருக்குக் குறைந்தால் நீதிமன்றம் பதிவேட்டிலிருந்து சங்கத்தின் பெயரை அடித்துவிடும். ஷ்னாவ்ஃபருக்கு எண்பத்தேழு வயது. அவர் படியேறும்போது நாங்கள் இருவரும் பின்னால் கையை நீட்டியபடி ஏறுகிறோம். பாதி நட்பு, பாதி சட்டம்.

ஒரு பெயருக்கா இத்தனை பாடு என்று கேட்பாய். எபர் என்றால் காட்டுப்பன்றி, ஹார்ட் என்றால் உறுதி. நம் முன்னோர் பிறந்த மகனைப் பார்த்து, கழுகையும் சிங்கத்தையும் விட்டுவிட்டு, வேட்டைநாய்கள் சூழ்ந்தாலும் பின்வாங்காத அந்த மிருகத்தை நினைத்தார்களே, எழுபத்தொன்பது வயதிலும் அதை எண்ணினால் எனக்கு மெய்சிலிர்க்கிறது. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் இதே ஊரில் பிறந்து இந்த நாட்டை ஆண்ட தாடிக்கார எபர்ஹார்ட் எருசலேம் வரை போய்த் திரும்பினார், ட்யூபிங்கனில் பல்கலைக்கழகம் நிறுவினார், கோமகனும் ஆனார். என் நாட்டில் எந்தக் குடியானவன் மடியிலும் தலைவைத்து நிம்மதியாகத் தூங்குவேன் என்றாராம். இந்தக் காலத்துப் பிள்ளைகளைப்போல் ஃபின் என்று பெயர் வைத்துக்கொண்டு ஒருவர் அப்படித் தூங்கியிருக்க முடியுமா, தெரியவில்லை. என் வகுப்பில் ஐந்து எபர்ஹார்ட்கள். வாத்தியார் எண் போட்டுத்தான் கூப்பிடுவார். நான் மூன்றாம் எபர்ஹார்ட். அரசர்களுக்குத்தான் அப்படி எண் போடுவார்கள்.

ஆள் தேடிப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தோம். வந்தவர் ஒரே ஒருவர். எபர்ஹார்ட் என்ற பெயர் அவருக்கில்லை, கூடையில் கொண்டுவந்திருந்த ஆண் முயலுக்கு. கும்மெர்லே விதிப்புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "உறுப்பினர் மனுஷனா இருக்கணும்னு இதுல எங்கயும் போடலையே" என்றார். நாற்பது நிமிட விவாதத்துக்குப் பின், மனுவில் கையெழுத்து இல்லாத காரணத்தால் முயல் நிராகரிக்கப்பட்டது. அப்புறம் மூவரும் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு பாலர் பள்ளிக்குப் போனோம். "நாலு ஃபின், மூணு எமில் இருக்காங்க ஐயா. எபர்ஹார்டா? எங்க கொதிகலனைச் சரிபண்ண வர்றவர் பேராச்சே அது!" என்றாள் ஆசிரியை. நாங்கள் ஆவலோடு முகவரி கேட்டோம். "அவரு போன வருஷமே போய்ச் சேந்துட்டாரு." அன்று மாலை இதைக் கேட்ட ரோஸ்விதா, "ஏன் பெரியவரே, என் புருஷனுக்குப் பேரை மாத்திக் கூட்டியாரட்டா? முன்பாதி அந்தாளுக்கு ஏற்கெனவே பொருந்தும்" என்றாள்.

ஆகவே உன்னிடம் வருகிறேன். பிறக்கப்போவது ஆண் என்று உன் அம்மா சொன்னாள். அவனுக்கு எபர்ஹார்ட் என்று பெயர் வைக்கச் சொன்னதற்குத் தொலைபேசியில் நீ, "மாமா, தொட்டில்ல எட்டிப் பாக்கறவங்க ஓய்வூதியம் எவ்வளவுன்னுல்ல கேப்பாங்க!" என்று சிரித்தாய். சிரி. ஆனால் ஷ்னாவ்ஃபரும் ஒருநாள் தொட்டிலில் கிடந்தவர்தான் அம்மா. உறுப்பினராக வயது வரம்பு கிடையாது; மூன்று உறுப்பினர்கள் முன்மொழிந்தால் போதும், பிறந்த அன்றே சேர்த்துக்கொள்வோம். மனுவைப் பூர்த்தி செய்து இத்துடன் வைக்கிறேன்.

உனக்கு வலி குறைவாகவும், பிள்ளைக்குக் குரல் கனமாகவும், டில்மனுக்குத் தூக்கம் போதுமானதாகவும் அமையட்டும் என்று வாழ்த்தும் மாமன்,
எபர்ஹார்ட் ஹேபெர்லே

பி.கு.: கடிதத்தை ஒட்டும் முன் ஒரு தகவல். முன்மொழிகிறவர்களின் அடையாள அட்டை நகலும் மனுவோடு இருக்க வேண்டுமாம். கும்மெர்லே தன் அட்டையைக் கொடுக்க வெகுநேரம் தயங்கினார். அதில் அவர் பெயர் ரைன்ஹார்ட் என்றிருந்தது. "மழைக்கு ஒதுங்கித்தான் அன்னைக்கு உள்ள வந்தேன். உங்க மேசையில ஒரு நாற்காலி காலியா இருந்துச்சு. 'வா எபர்ஹார்ட்'னு நீங்கதான் கோப்பைய நீட்டினீங்க. அப்பப் போய்த் திருத்தறது மரியாதையாப் படல" என்றார். அது முப்பத்தாறு வருடத்துக்கு முந்தைய மழை. "மறுநாளாவது சொல்லித் தொலைச்சிருக்கலாமேடா!" என்று ஷ்னாவ்ஃபர் அழுதேவிட்டார். "சொல்லலாம்னுதான் வந்தேன். அதுக்குள்ள செயலாளரா ஆக்கிட்டீங்க." விதி விதிதான் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. கும்மெர்லேயை நீக்கும் தீர்மானத்தைக் கும்மெர்லேயே முன்மொழிந்தார். அது ஒருமனதாக நிறைவேறியது; பதிவேட்டில் தன் அழகிய கையெழுத்தில் அவரே எழுதினார். சங்கத்தில் இப்போது இரண்டு உறுப்பினர்கள் இருக்கிறோம்.