சூடாகவும் வேணும், காத்தும் புகக் கூடாது

எங்கள் பலகாரக் கடைக்கு வந்த ஒரு அம்மாள் முறுக்கை எடுத்து, முகர்ந்து, திரும்ப வைத்துவிட்டுப் போனாரே, அந்த நொடியில்தான் எனக்கு அந்த யோசனை உதித்தது: வாடிக்கையாளர்களிடம் கருத்துக் கேட்டால் என்ன? (முகராமல் கடித்திருந்தால் வாங்கியிருப்பார். அம்மா கைப்பக்குவம் அப்படி.)

எனக்கு அப்போது இருபது வயது. பி.காம். முடித்துவிட்டு, தபாலில் மார்க்கெட்டிங் டிப்ளமா படித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது பாடத்தில் 'வாடிக்கையாளர் சொல்வதைக் கேள்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. நான்காவது பாடம் வரும்வரை பொறுக்க என் ரத்தம் இடம் கொடுக்கவில்லை.

பொறுக்க முடியாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அப்பா லேத் ஓட்டிய ஃபேக்டரியில் லாக்அவுட். கதவு எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில் எங்கள் வீட்டு முன் அறையைக் கடையாக்கியிருந்தோம். அம்மா சுடுவாள், அப்பா நிறுப்பார், நான் யோசனை சொல்வேன். இதில் எந்த வேலைக்குக் கிராக்கி குறைவு என்று உங்களுக்கே தெரியும்.

தராசுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வருகிறவர்களையெல்லாம் பிடித்துக் கேட்டேன். பேப்பர் பொட்டலமா, பிளாஸ்டிக் பாக்கெட்டா?

"பொட்டலம் வேணாம் கண்ணு," என்றார் எதிர்வீட்டு அஞ்சலை அக்கா. "பேப்பர்ல கீற எழுத்தெல்லாம் முறுக்குல ஒட்டிகினு வருது. போன வாரம் எம் பையன் சினிமா வெளம்பரத்தயே துன்னுட்டான்."

ஆவடி ராணுவக் குவார்ட்டர்ஸிலிருந்து உறவினர் வீட்டுக்கு வந்திருந்த திருநெல்வேலி அம்மாள் இன்னும் கறார். "எங்க கேன்டீன்ல எல்லாமே சீல் வச்ச பாக்கெட்டுதான் பாத்துக்க. காத்து ஒரு பொட்டு உள்ள போகப்பிடாது."

ஆட்டோ ஓட்டும் மணியண்ணன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "பாக்கெட்ல பாதி காத்துதாம்மா. அது இன்னா சைக்கிள் டியூப்பா? கைல புடிச்சா சுடணும். அப்பத்தான் இன்னிக்குப் போட்டதுன்னு நம்புவேன்."

எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தேன். மக்களுக்கு இரண்டு விஷயம் வேண்டும். சூடாகவும் இருக்க வேண்டும். காற்றும் புகக் கூடாது. அம்மாவும் ஒரு கருத்துச் சொன்னாள்: "வாயில போட்டா தெரியப்போவுது. இதுக்குப் போய் இன்னாத்துக்கு ஊரக் கேக்கற?" அவள் காசு கொடுத்து வாங்குகிறவள் அல்ல என்பதால் அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் ஏகாம்பரம் முதலாளி வந்தார். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஸ்டீல் பீரோ செய்யும் சின்ன கம்பெனி அவருடையது. "ஆயுத பூஜைக்கு நம்ம ஆளுங்களுக்கு ஆளுக்கு ஒரு பாக்கெட் முறுக்கு போடு நைனா," என்றார் அப்பாவிடம். "நல்லா இருந்துச்சின்னா தீவாளி ஆர்டரும் உனக்குத்தான். பக்கத்து கம்பெனிக்காரங்களுக்கும் சொல்றேன். சரியில்லன்னா பழைய ஆள்கிட்டயே பூடுவேன்."

அவர் போன பிறகு அப்பா தராசுத் தட்டுகளை எடுத்துப் பளபளவென்று துடைத்து மாட்டினார். லாக்அவுட்டுக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு பண்டிகை வந்தது அன்றைக்குத்தான்.

பூஜைக்கு முந்தின நாள் முழுக்க அம்மா அடுப்படியிலேயே கிடந்தாள். சாயங்காலம் கடைசி ஈடு இறங்கியதும் குளித்து, புடவை மாற்றி, பக்கத்துத் தெரு கொலுவுக்குத் தாம்பூலம் வாங்கக் கிளம்பினாள். "நான் வந்து பாக்கெட் போட்டுக்கலாம்," என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். நானும் அப்பாவும் தனியாக விடப்பட்டோம். வரலாற்றுப் பிழைகள் இப்படித்தான் நடக்கின்றன.

பிளாஸ்டிக் கவரின் வாயை இரும்பறுக்கும் ஆக்ஸா பிளேடு மேல் மடித்து, மெழுகுவத்தி நெருப்பில் சர்ரென்று ஓட்டினால் ஒட்டிக்கொள்ளும். பிளேடு அப்பாவின் லேத் காலத்துச் சொத்து. முதல் கவரில் முறுக்கைப் போட்ட அப்பா கையை உதறினார்.

"இன்னும் சுடுதேம்மா. கொஞ்சம் ஆறட்டுமா?"

"ஆறினா போச்சேப்பா! ஜனங்க சூடாத்தான் கேக்கறாங்க. சூட்டை அப்படியே உள்ள வச்சிப் பூட்டிடலாம்."

அப்பாவின் கண்கள் அகன்றன. "பிளாஸ்க் மாதிரி!"

"அதேதாம்ப்பா!"

இரண்டு மேதைகளும் ஒருவரையொருவர் பார்த்துப் பூரித்தோம். அம்மா சுண்டலோடு திரும்பி வந்தபோது எல்லாம் அட்டைப்பெட்டிகளில் அடுக்கி, டேப் ஒட்டித் தயார். "பரவால்லயே!" என்றாள். (அம்மா வாயிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு. ஆயுள் ஒரு ராத்திரி.)

மறுநாள் கம்பெனியில் மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. எல்லாரும் புதுச்சட்டை. கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்ததும், முதலாளி எங்களை முன்னால் நிற்கவைத்து ஒரு பாக்கெட்டை உயர்த்திக் காட்டினார். கவரின் உள்பக்கம் முழுக்கக் குட்டிக் குட்டி நீர்த்துளிகள். பனித்துளி மாதிரி அழகாக இருக்கிறதே என்றுதான் நான் நினைத்தேன்.

பிரித்தார். கடித்தார்.

சத்தமே இல்லை.

கையிலிருந்த மீதி முறுக்கை வளைத்துப் பார்த்தார். வளைந்தது. விட்டார். நிமிர்ந்தது. "இன்னாம்மா இது? முறுக்கா, ரப்பர் வாஷரா?"

பின்னாலிருந்து ஒரு குரல்: "மொதலாளி, கம்ப்ரசருக்கு கேஸ்கட்டு இல்லன்னு சொன்னீங்களே, இத்தப் போட்டுக்கலாம்!" மொத்த ஷெட்டும் சிரித்தது. அப்பா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா என் காதருகே வந்தாள். "சூட்டோட மூடினியா?"

"ஜனங்க கேட்டாங்கம்மா..."

"எந்த ஜனங்க? வரச் சொல்லு, பாக்கறேன்."

முதலாளி பாக்கெட்டைப் பெட்டியில் போட்டார். "நான் இன்னா பண்ணட்டும் நைனா? புள்ளக்குட்டிக்கு எடுத்துகினு போவானுங்க. பழைய ஆள்கிட்டயே சொல்லியிருக்கலாம்." தீபாவளி என் கண்ணெதிரே நடந்து வெளியே போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் அவருக்குப் பின்னால் மாலை போட்டு நின்ற அதைப் பார்த்தேன். பீரோவுக்கு அடித்த பெயிண்டைக் காயவைக்கும் ஓவன். ஒரு சின்ன அறை அளவுக்கு, புத்தம்புதுசாக.

"சார், ஒரு ஐடியா..."

"வேணாம்," என்றாள் அம்மா. ஐடியா என்னவென்று தெரியாமலேயே.

"அந்த ஓவன்ல பெயிண்ட் வச்சிட்டீங்களா சார்?"

"இல்லம்மா, முந்தாநேத்துதான் வந்து எறங்கிச்சி. இன்னிக்குப் பூஜ போட்டுட்டுத்தான்..." அவர் நிறுத்தினார். முறுக்குப் பெட்டியைப் பார்த்தார், ஓவனைப் பார்த்தார். அதைப் போட்டுக் காட்ட மனுஷருக்கு எவ்வளவு ஆசை என்பது அவர் கைவிரல்களிலேயே தெரிந்தது. "டேய், டீக்கடைல அலுமினியத் தட்டுங்கள வாங்கினு வாங்கடா!"

நான் ராத்திரி ஒட்டிய பாக்கெட்டுகளை எல்லாரும் சேர்ந்து கிழித்தார்கள். அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தட்டில் பரப்பினாள். மெல்லிய சூட்டில் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். ஐம்பது புதுச்சட்டைகள் ஒரு இரும்புக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றன. அப்பா ஓவனுக்கே ஒரு கும்பிடு போட்டதை நான் பார்த்தேன்.

ஓமமும் எள்ளும் மணத்தன. கதவைத் திறந்தார்கள். முதலாளி ஊதி ஊதி ஒன்றை எடுத்துக் கடித்தார்.

படார்.

அப்பா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. இத்தனை மாதமாக அடக்கிவைத்திருந்த மூச்சு. நான் அப்படியே பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"சும்மா சொல்லக் கூடாது நைனா, மொறுமொறுன்னு கீது! தீவாளிக்கு நீதான்." என் பக்கம் திரும்பி, "ஆனா பாக்கெட்டு மட்டும் வேணாம் தாயே!" என்றார். எல்லாருக்கும் பேப்பரில் மடித்துச் சுடச்சுடக் கொடுத்தோம். எழுத்து ஒட்டுகிறதே என்று ஒருவரும் கருத்துச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் நான்காவது பாடம் தபாலில் வந்தது. தலைப்பு: 'கேட்டதையெல்லாம் செய்யாதே.'

இன்றைக்கும் எங்கள் வீட்டில் மழைக்காலத்தில் அப்பளம் நமுத்தால், "இன்னா, பி.காம். பாக்கெட் போட்டதா?" என்பார்கள். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம்கூட அப்பா இந்தக் கதையைத்தான் முதலில் சொன்னார். (அவர்களுக்குப் பிடித்துப்போய்விட்டது. அதனால் மாமியார் வீட்டிலும் இதே பேச்சு.)

போன மாதம் அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்ட் பக்கம் புதிதாக வந்த டிபார்ட்மென்ட் கடையில் ஐஸ் பெட்டிக்குள் பச்சைப் பட்டாணி விற்றார்கள். சுற்றிலும் ஒரே கூட்டம். "பட்டாணியா இது, கோலிகுண்டா?" என்றார் ஒருவர். "ஐஸ்ல வச்சாலே அது பழசுதானே," என்றார் இன்னொருவர். எனக்கு உள்ளங்கை அரித்தது. பட்டாணியை உறையவைக்கலாம் என்றால் அம்மாவின் சமோசாவை ஏன் கூடாது?

நானும் அப்பாவும் தனியாக அந்த வேலையில் இறங்கக் கூடாது என்ற நிபந்தனையோடு அம்மா அனுமதி கொடுத்திருக்கிறாள். அம்மா வீட்டில் தவணையில் வாங்கிய ஃபிரிட்ஜில் பன்னிரண்டு சமோசாக்கள் கல்லாக உறைந்து கிடக்கின்றன. ஐஸோடு அப்படியே எண்ணெயில் போடு என்கிறார் அஞ்சலை அக்கா. வெளியே வைத்து ஈரம் போன பிறகு போடு என்கிறார் மணியண்ணன். இந்தத் தடவை யாராவது ஒருத்தர் சொல்வதை மட்டும்தான் கேட்பேன். யார் சொல்வதை என்பதை நாளைக் காலை எண்ணெய் காய்வதற்குள் முடிவு செய்ய வேண்டும்.